ஐந்தாவது கோடு

அத்தியாயம் 6

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வாரிபின் துப்பாக்கி மன்றத்தின் தகரக் கொட்டகையில் இருந்தவர்கள் ஆறு பேர். மன்றத் தலைவர் ரஸ்ஸல் பெட்டிட். செயலாளர் நோலின் ரூட். வலது கண்ணில் கட்டுப் போட்டிருந்த பிரென்ட் ஹாலிஸ். ஏணியும் சுரண்டியுமாக வாசற்படியில் நின்ற பெயர்ப்பலகைக்கார லெஸ். முப்பத்தொரு வருடம் காவல்துறையில் இருந்து சார்ஜென்டாக ஓய்வு பெற்ற எழுபத்து மூன்று வயது மிஸ் எல்ஸ்பெத் மக்ரே. அவருக்குக் கார் ஓட்டவும், பை தூக்கவும், யாரும் கேட்காதபோது கருத்துச் சொல்லவும் கூடவே திரியும் மெர்வ் டல்லி.

ஏழாவதாக ஒருவரைச் சொல்வதென்றால் எல்ஸ்பெத்தின் தம்பி டங்கனைத்தான் சொல்ல வேண்டும். அவர் இறந்து இரண்டரை வாரம் ஆகிவிட்டது. ஆனால் கூட்டமே அவரைப் பற்றியதுதான்.

"உட்காருங்க மிஸ் மக்ரே. டீ போடட்டுமா? லாமிங்டன் கேக்கும் இருக்கு" என்றார் ரஸ்ஸல்.

"நிக்கிறேன்" என்றார் எல்ஸ்பெத்.

பையை இடது கைக்கு மாற்றிக்கொண்டார். வலது தோள் இன்னும் வலித்தது. டங்கனின் சவப்பெட்டியைத் தூக்க வேண்டிய ஆறு பேரில் ஒருவன் வராமல் போக, அவன் பக்கத்தை எல்ஸ்பெத்தே தோளில் வாங்கியிருந்தார். வேறு யாராவது தூக்கட்டும் என்று பாதிரியார் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நோலின் தீர்மானத்தை வாசித்தாள். மூக்குக் கண்ணாடியைக் கீழே இறக்கி, பென்சிலால் எழுதியதை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்து வாசித்தாள்.

"போன சனிக்கிழமை, இருபத்தெட்டாம் தேதி நடந்த பரிசுப் போட்டில, பிரென்ட் ஹாலிஸ் ஆறாவது குண்டு சுடும்போது துப்பாக்கி பின்பக்கமா வெடிச்சு வலது கண்ணுல காயம். தோட்டா, காலஞ்சென்ற டங்கன் மக்ரே தன் கையால போட்டுக் கொடுத்தது. மிச்சமிருந்த பதினாலு தோட்டாவையும் அளந்து பார்த்ததுல, எல்லாமே இருக்க வேண்டிய அளவை விட நீளம். ஆகவே, மன்றத்தோட நல்ல பேரைக் காப்பாத்துறதுக்காக, இந்தச் சுடுகளத்துக்கு இருக்குற 'மக்ரே சுடுகளம்'ங்கிற பேரை…"

அதற்கு மேல் அவள் வாசிக்கவில்லை. வாசிக்கத் தேவையும் இல்லை. வாசலுக்கு மேலே அந்தப் பெயர்ப்பலகை இருந்தது. அதில் ஏணி சாய்ந்திருந்தது.

அந்த நாற்பது ஏக்கரையும் மன்றத்துக்கு எழுதிக் கொடுத்தவர் எல்ஸ்பெத்தின் அப்பா. அங்கே முதல் குண்டு சுட்டவரும் அவர். அப்பாவுக்குப் பிறகு டங்கன், ஒரு சனிக்கிழமைகூடத் தவறாமல் அங்கே குப்புறப் படுத்துச் சுட்டவர். அறுபது வருடத்தில் அந்தக் குடும்பத்தின் தோட்டாவால் ஒரு சுண்டெலிக்குக்கூட அநியாயமாகக் காயம் பட்டதில்லை.

குற்றச்சாட்டு என்ன என்பது எல்ஸ்பெத்துக்குச் சொல்லாமலே விளங்கியது. ஒரு முறை சுட்ட பித்தளை உறையை எறிந்துவிடுவதில்லை. அதை அச்சில் இறுக்கி, மறுபடி வெடிமருந்தும் குண்டும் வைத்துச் சுடுவார்கள். ஆனால் பித்தளை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நீளும். நீண்டதைச் சீவி எடுக்க வேண்டும். சீவாமல் விட்டால் உறையின் வாய், துப்பாக்கிக்குள் தோட்டா உட்காரும் அறையின் சுவரில் போய் முட்டி நசுங்கி, குண்டை விடாமல் கவ்விக்கொள்ளும். அப்போது வெடித்த மருந்து முன்னால் போக வழியில்லாமல் பின்னால் வரும். பின்னால் இருப்பது சுடுகிறவனின் கண்.

டங்கன் மக்ரே சீவ மறந்துவிட்டார். அதுதான் குற்றச்சாட்டு.

"யாரும் அவரைத் தப்பா சொல்லல" என்றார் ரஸ்ஸல், குரலைத் தணித்து. "வயசாச்சு. கையும் நடுங்க ஆரம்பிச்சிருந்தது. பெரிய மனசு பண்ணி மன்னிச்சிட்டோம்னே எழுதிடறோம். பலகையை மட்டும் சத்தமில்லாம மாத்திடலாம். பிரென்டுக்கும் அதுல சம்மதம்தான்."

பிரென்ட் தலையசைத்தான். "எனக்கு அவர் மேல கோபமில்ல, மிஸ் மக்ரே."

எல்ஸ்பெத் முதுகை இன்னும் ஒரு அங்குலம் நிமிர்த்தினார். அதற்கு மேல் நிமிர்த்த அந்த முதுகில் இடமிருக்கும் என்று மெர்வ் அதுவரை நினைத்ததில்லை.

"ரஸ்ஸல், என் தம்பிக்கு உங்க மன்னிப்பு வேண்டாம். அதைப் பத்திரமா வச்சிரு. வேற ஒருத்தனுக்குத் தேவைப்படும். பிரென்ட், இந்தப் பெட்டி உன் கைக்கு எப்ப வந்தது?"

"பன்னெண்டாம் தேதி, வியாழக்கிழமை" என்றான் பிரென்ட் தயங்காமல். "தீவனக் கடை வாசல்ல பார்த்தேன். வண்டியிலேருந்து எடுத்து அவரே கொடுத்தார். 'இந்த வருஷம் நீதான் ஜெயிக்கணும் பிரென்ட், இது உனக்குன்னே போட்டது'ன்னு சொன்னார்."

"டங்கனா? இவ்வளவு பேசினாரா?" என்றான் மெர்வ். "என் கல்யாணத்துல அவர் மொத்தமே மூணு வார்த்தைதான் பேசினார். அதுல ரெண்டு 'கதவ சாத்து'."

"மெர்வ்" என்றார் எல்ஸ்பெத்.

"வாயச் சாத்திட்டேன் சார்ஜென்ட்."

எல்ஸ்பெத் பெட்டியைத் திறந்தார். பச்சை நிற பிளாஸ்டிக் பெட்டி. இருபது குழியில் ஆறு காலி. மூடியின் உட்புறத்தில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு பழைய பசைத் தடம் இருந்தது. அதை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு ஒரு தோட்டாவை எடுத்துக் கவிழ்த்தார். அடிப்பக்கத்தில், பேனாவால் போட்ட சின்னச் சின்னக் கோடுகள். நான்கு கறுப்பு, ஒன்று ஊதா. அதைப் பார்த்தபடி ஒரு கணம் நின்றுவிட்டு, பையிலிருந்து வெர்னியர் அளவுகோலை எடுத்து, பதினான்கு தோட்டாக்களின் உறைகளையும் ஒவ்வொன்றாக அளந்தார். அவர் அளக்க எடுத்துக்கொண்ட நேரத்தில் மெர்வ் இரண்டு லாமிங்டன் கேக்குகளைத் தீர்த்துவிட்டான்.

"பதினாலும் ஒரே நீளம்" என்றார்.

"அதான் நாங்களும் சொல்றோம். பதினாலும் நீளம்" என்றார் ரஸ்ஸல்.

"நீங்க நீளம்னு பார்த்தீங்க. ஒரே நீளம்னு பார்க்கல. சீவாம விட்ட பித்தளை ஒவ்வொண்ணும் அது இஷ்டத்துக்கு நீளும். ஒண்ணு கூட இருக்கும், ஒண்ணு குறைய இருக்கும். மறதி இப்படி ராணுவம் மாதிரி வரிசையில நிக்காது. இதைச் சீவியிருக்காங்க. வாயில பிசிறு எடுத்து, உள் விளிம்பு, வெளி விளிம்பு ரெண்டையும் வழிச்சிருக்காங்க. என் தம்பி எதையும் மறக்கல."

பிரென்ட் மெதுவாகச் சொன்னான்.

"அப்படின்னா… தெரிஞ்சே நீளமா வச்சாரா?"

அந்தக் கேள்வி எல்லோர் மூளைக்கும் போய்ச் சேர்ந்தபோது, ரஸ்ஸலின் முகம் மாறியது. நோலின் பென்சிலைக் கீழே வைத்தாள். வாசலில் லெஸ் ஏணியின் முதல் படியில் கால் வைத்தான்.

"மத்தியானம் பன்னெண்டு மணி வரைக்கும் அந்த ஏணி அங்கேயே இருக்கட்டும்" என்றார் எல்ஸ்பெத். "ஆள் ஏறக் கூடாது."

"மிஸ் மக்ரே, நான் என்ன சொல்ல வரேன்னா…"

"பன்னெண்டு மணி, ரஸ்ஸல். எங்கப்பா உங்களுக்கு நாற்பது ஏக்கர் கொடுத்தார். நீ எனக்கு ரெண்டு மணி நேரம் கொடு."

ரஸ்ஸல் கொடுத்தார்.

காரைக் கிளப்பிக்கொண்டே மெர்வ் பெருமூச்சு விட்டான்.

"சார்ஜென்ட், ஒரு கணக்குப் பார்த்தேன். உள்ள போகும்போது உங்க தம்பி மேல இருந்தது கவனக்குறைவு. வெளிய வரும்போது கொலை முயற்சி. ஒரு காலை நேரத்துக்கு இது நல்ல முன்னேற்றம்."

"ரோட்டைப் பாரு."

"பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். அதுல நம்ம பக்கம் யாரையும் காணோம்."

டங்கனின் பண்ணை ஆறு கிலோமீட்டர். அறுவடை முடிந்த கோதுமை வயலில் ரோஜா நிறக் கிளிக்கூட்டம் ஒன்று தரையைக் கொத்திக்கொண்டிருந்தது. கார் சத்தத்துக்கு ஒன்றுகூட நகரவில்லை. அவற்றின் திமிர் எல்ஸ்பெத்துக்குப் பிடித்திருந்தது.

பட்டறைக் கதவுக்குப் பூட்டு இல்லை. டங்கன் துப்பாக்கிகளைச் சட்டப்படி இரும்புப் பெட்டியில் பூட்டி வைப்பார். அவர் இறந்த மறுநாளே அவற்றையும் மருந்து டப்பாக்களையும் காவல் நிலையத்தில் ஒப்படைத்தாயிற்று. வேலை மேசையின் கடைசி இழுப்பறையைத் திறந்து பார்க்க அப்போது யாருக்கும் தோன்றவில்லை. எல்ஸ்பெத்துக்கும் தோன்றவில்லை. அதை அவர் தனக்குத்தானே ஒரு முறை சொல்லிக்கொண்டு, மன்னிக்காமல் மேலே நடந்தார்.

மேசை டங்கனைப் போலவே இருந்தது. சாமான்கள் வேலை நடக்கும் வரிசைப்படி இடமிருந்து வலமாக நின்றன. உறையை இறுக்கும் அச்சு. அச்சில் சிக்காமல் இருக்க உறையில் தடவும் ஆட்டுரோமக் கொழுப்பு, ஒரு பழைய ஷூ பாலிஷ் டப்பாவில். சீவுவதற்கான கைச்சுழற்றி. பிசிறு எடுக்கும் கூம்பு. வாய் துடைக்கும் பிரஷ். இறுக்கிய பிறகுதான் அளவு, அளந்த பிறகுதான் சீவல். சீவிவிட்டு இறுக்கினால் பித்தளை மறுபடி வளர்ந்துவிடும் என்பதை டங்கன் அப்பாவிடம் பன்னிரண்டு வயதில் திட்டு வாங்கித் தெரிந்துகொண்டவர்.

கடைசி இழுப்பறையில் நான்கு பச்சைப் பெட்டிகள் இருந்தன. மூடியில் எண்கள்: ஒன்று, இரண்டு, நான்கு, ஐந்து.

"மூணாவது லீவுல போயிருக்கு" என்றான் மெர்வ்.

எல்ஸ்பெத் நான்காவது பெட்டியைத் திறந்தார். மூடியின் உட்புறத்தில், தீப்பெட்டி அளவில், டங்கனின் கட்டை எழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. பழையவளுக்கு மட்டும். மற்ற மூன்றிலும் அதே சீட்டு.

"பழையவள்னா யாரு? நீங்களா?"

"எங்கப்பாவோட துப்பாக்கி. டங்கன் அதைத் தவிர வேற எதையும் போட்டியில தொட்டதில்ல."

மேசைக்கு மேலே பலகையில் ஆணிகள். ஒவ்வொரு ஆணியிலும் விரல் நீளத்தில் ஓர் உலோகக் குச்சி. கீழே ஒவ்வொரு பெயர். மன்றத்துக்காரர் யாராவது தன் பித்தளையைச் சீவித் தரச் சொன்னால், டங்கன் முதலில் அவருடைய துப்பாக்கியைக் கேட்பார். அதன் அறை எவ்வளவு நீளம் என்று அளந்து ஒரு குச்சி வெட்டி மாட்டுவார். அந்தக் குச்சிப்படிதான் சீவுவார். தோட்டா போடும் புத்தகத்தில் இருப்பது ஊரில் உள்ள எல்லாத் துப்பாக்கிக்கும் பொதுவான அளவு. எந்தத் துப்பாக்கியும் பொதுவான துப்பாக்கி இல்லை என்பது அவர் கட்சி.

எல்ஸ்பெத் இரண்டு குச்சிகளைக் கழற்றினார். ஒன்றின் கீழ் 'பழையவள்' என்றிருந்தது. மற்றொன்றின் கீழ் 'பி. ஹாலிஸ்'. இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார். பழையவளின் குச்சி ஒரு நகக்கனம் அதிக உயரம்.

"ஆக, அந்தத் தோட்டா நீளமில்ல" என்றான் மெர்வ் மெதுவாக. "பழையவளுக்கு அது சரியான அளவு. பிரென்டோட துப்பாக்கிக்குத்தான் அது நீளம்."

"ஆமா."

"ஆனா பிரென்டோட குச்சியும் இங்கயே தொங்குதே. அவன் துப்பாக்கி அளவு டங்கனுக்குத் தெரியும். தெரிஞ்சும் அந்தப் பெட்டிய அவன் கையில கொடுத்தார்னு ரஸ்ஸல் சொல்வான். இப்ப என்ன சொல்றது சார்ஜென்ட்?"

இந்தக் கேள்வி எல்ஸ்பெத்துக்கும் வந்திருந்தது. முப்பத்தொரு வருடம் எத்தனையோ பேரின் அக்கா தங்கைகள் "எங்க ஆள் அப்படிப்பட்டவன் இல்ல" என்று அவர் எதிரே நின்று சொல்லியிருக்கிறார்கள். அவர் அதை ஒரு முறைகூடக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டதில்லை. இப்போது தானும் அதைச் சொல்லிக்கொண்டு போய் நிற்கப் போவதில்லை. கொடுக்கவில்லை என்பதற்கு, கொடுக்கவில்லை என்று சொல்லும் ஒரு பொருள் வேண்டும். பேசத் தெரியாத பொருளாக இருந்தால் நல்லது, பொய் சொல்லாது.

அவர் திரும்பியபோது மெர்வ் மேசையிலிருந்த ஏதோ ஒரு பேனாவை எடுத்துக் காது குடைந்துகொண்டிருந்தான்.

"மெர்வ்."

"யோசனை பண்றேன் சார்ஜென்ட். எனக்கு அந்த வழியாத்தான் வரும்."

"காதுலேருந்து அதை எடு."

எடுத்தான். தடித்த பேனா. அதன் உடம்பைச் சுற்றி ஒட்டுத்தாளில் அச்சடித்த மாதிரி எழுத்து: நோலின் ரூட்டுடையது. கை வைக்காதே.

எல்ஸ்பெத் மூடியைத் திறந்து தன் உள்ளங்கையில் ஒரு கோடு இழுத்தார். ஊதா.

"நோலின் இன்னிக்குத் தீர்மானத்தை எதுல எழுதியிருந்தா?"

"பென்சில்ல. பாதி வார்த்தை அவளுக்கே தெரியல."

எல்ஸ்பெத் முதல்முறையாக அன்று புன்னகை போல ஒன்றைச் செய்தார். பேனாவைக் கைக்குட்டையில் துடைத்து, அதே கைக்குட்டையில் சுற்றினார். இரண்டு குச்சிகளையும் நான்கு பெட்டிகளையும் பைக்குள் வைத்தார்.

"வண்டிய எடு. போற வழியில ஒண்ணு மட்டும் ஞாபகப்படுத்திச் சொல்லு. டங்கன் அடக்கத்தன்னிக்கு சர்ச் ஹால்ல டீ குடிக்கும்போது, ஒருத்தன் அஞ்சு நாள் லாரிக் கதை சொன்னானே, அதுல தேதி என்னென்ன?"

மெர்வ் வாயைத் திறந்தான். மூடினான். பிறகு காரை நோக்கி ஓடினான். அவன் ஓடி யாரும் பார்த்ததில்லை.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம். லெஸ் ஏணியின் இரண்டாவது படியில் நின்றிருந்தான்.

"இறங்கு" என்றார் எல்ஸ்பெத் அவனைக் கடந்து போகும்போது.

"காலைக் கொஞ்சம் ஊன்றி நின்னேன், அவ்வளவுதான் மிஸ்."

"தரையில ஊன்று."

உள்ளே அவர் யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. நேராக நோலினிடம் போனார்.

"நோலின், பதினாலாம் தேதி சனிக்கிழமைப் பயிற்சியோட மதிப்பெண் சீட்டு இருக்கா?"

நோலினிடம் இல்லாத சீட்டு கிடையாது. கோப்பை எடுத்தாள். புரட்டினாள். காலைச் சீட்டுகள் எல்லாம் ஊதா மையில், அழகான வட்ட எழுத்தில். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உள்ள சீட்டுகள் எல்லாம் பென்சிலில்.

"மத்தியானம் ஏன் பென்சிலுக்கு மாறினே?"

"உங்க தம்பியாலதான்!" என்றாள் நோலின். இரண்டரை வாரம் இறந்தவருக்காக அடக்கி வைத்திருந்த கோபம் அது. "அவரோட கறுப்புப் பேனா தீர்ந்துபோச்சுன்னு என் பேனாவ வாங்கினார். ஒரு நிமிஷம்னு சொன்னார். திருப்பித் தரவே இல்ல. இறந்தவர் வீட்ல போய்ப் பேனா கேக்கறதா நான்?"

"எதுக்கு வாங்கினான்?"

"எதுக்கா? அவர் சுட்டு முடிச்சதும் காலிப் பித்தளைய பெட்டியில திருப்பி வைக்கும்போது அடியில ஒரு கோடு போடுவாரே, அதுக்குத்தான். எத்தனை தடவை சுட்டதுன்னு கணக்கு. எல்லாருக்கும் தெரியுமே."

"எல்லாருக்கும் தெரியும்" என்றார் எல்ஸ்பெத். "ஆனா யாரும் குனிஞ்சு பார்க்கல."

பச்சைப் பெட்டியைத் திறந்து பதினான்கு தோட்டாக்களையும் மேசையில் தலைகீழாக, குண்டு கீழே, அடி மேலே இருக்கும்படி, துப்பாக்கி தாங்கும் மணல் மூட்டை ஒன்றில் குத்தி நிறுத்தினார். கைக்குட்டையைப் பிரித்துப் பேனாவை அவற்றின் பக்கத்தில் வைத்தார்.

"நாலு கறுப்பு. ஒரு ஊதா. பதினாலுலயும். அந்த அஞ்சாவது கோடு பதினாலாம் தேதி மத்தியானம் இங்க, படுத்துச் சுடுற மேட்டுல விழுந்தது. அதுக்கப்புறம்தான் இதை இறுக்கி, சீவி, மருந்து போட்டு, குண்டு வச்சிருக்கான். பிரென்ட், பன்னெண்டாம் தேதி வாங்கின தோட்டாவுல பதினாலாம் தேதி மை எப்படிப்பா வந்தது?"

பிரென்டின் ஒற்றைக் கண் மேசையையும் கதவையும் பார்த்தது. கதவில் மெர்வ் சாய்ந்து நின்றான்.

"தேதி… மாறியிருக்கும். அடிபட்டதுலேருந்து தலை சரியில்ல. பதினஞ்சாம் தேதியா இருக்கலாம். ஞாயித்துக்கிழமை."

"பதினஞ்சாம் தேதி விடியக்காலைல நீ ஆடு ஏத்திக்கிட்டு அடிலெய்ட் கிளம்பிட்ட" என்றான் மெர்வ். "அங்கேருந்து தெற்க போன, அங்க லாரி ரிப்பேர், இருபதாம் தேதி வெள்ளிக்கிழமை காலைலதான் ஊருக்குத் திரும்பின. நான் சொல்லல. அடக்கத்தன்னிக்கு நீயே சொன்ன. ரெண்டு தடவை சொன்ன. ரெண்டாவது தடவை நான் சாண்ட்விச்சுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டேன், அப்பவும் விடல."

"டங்கன் செத்தது பதினேழாம் தேதி" என்றார் எல்ஸ்பெத். குரல் உயரவில்லை. "இருபதாம் தேதி காலைல ஊரே சர்ச்சுல இருந்தது. அவன் உன் கையில இந்தப் பெட்டியக் கொடுக்கணும்னா, அந்தச் சவப்பெட்டிக்குள்ளேருந்துதான் கொடுத்திருக்கணும். அதைத் தூக்க ஆறு பேர் குறிச்சிருந்தோம். அஞ்சு பேர்தான் இருந்தாங்க. டயர் பஞ்சர்னு சொல்லி, குழி மூடினப்புறம் வந்து சேர்ந்தது ஆறாவது ஆள். உன் பக்கத்தை நான் தூக்கினேன், பிரென்ட். அந்த நேரத்துல நீ எந்த வீட்டுப் பட்டறையில இருந்த?"

கொட்டகைத் தகரம் வெயிலில் ஒருமுறை முறிந்தது போலச் சத்தமிட்டது. ரஸ்ஸல் மெதுவாகத் தன் நாற்காலியைப் பிரென்டிடமிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டுக்கொண்டார். அவர் அதைத் தெரிந்து செய்ததாகத் தோன்றவில்லை.

"செத்துப்போன மனுஷனுக்கு எதுக்குத் தோட்டா?" என்று வெடித்தான் பிரென்ட். "சும்மா கெடந்தது! பதினோரு வருஷம் அவருக்குப் பின்னால ரெண்டாவதா வந்திருக்கேன். பதினோரு வருஷம்! அவர் பித்தளையிலதான் ஏதோ இருக்குன்னு எல்லாரும்தானே சொன்னீங்க? ஒரு தடவை… ஒரே ஒரு தடவை அதை வச்சு சுட்டுப் பார்க்கலாம்னு…"

"மூடியில சீட்டு ஒட்டியிருந்ததே."

"கிழிச்சேன். பழையவளுக்கு மட்டும்னு… கிழவனோட கிறுக்குன்னு நெனச்சேன். செல்லப் பேரு வச்சு விளையாடறார்னு."

எல்ஸ்பெத் நான்காம் பெட்டியின் மூடியைத் திறந்து, சீட்டுத் தெரியும்படி ரஸ்ஸலின் பக்கம் நகர்த்தினார். இரண்டு குச்சிகளையும் அதன் முன்னால் நிறுத்தினார். ஒன்று மற்றதைவிட ஒரு நகக்கனம் உயரம். துப்பாக்கி தெரிந்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ரஸ்ஸல் துப்பாக்கி தெரிந்தவர்தான். காது மடல்வரை சிவந்துபோனார்.

"துப்பாக்கியோட பின்கதவு, அந்த போல்ட், இறுக்கமா மூடியிருக்குமே" என்றார் எல்ஸ்பெத். "ஆறு தடவை மூடும்போதும் அது உன்கிட்ட சொல்லியிருக்குமே. என்ன பண்ணின?"

பிரென்ட் தலையைக் குனிந்துகொண்டான்.

"உள்ளங்கையால தட்டினேன்."

"அடுத்தவன் போட்ட தோட்டாவ எடுத்தது ஒண்ணு. மூடாத போல்ட்டைத் தட்டி மூடினது ரெண்டு. இந்தக் கொட்டகைச் சுவத்துல எழுதியிருக்குற முதல் ரெண்டு விதியும் அதுதான். எங்கப்பா எழுதினது." எல்ஸ்பெத் வெர்னியரைப் பைக்குள் போட்டார். "அதெல்லாம் போகட்டும். இறந்தவனுக்குப் பேச வாயில்லன்னு அவன் தலையில கொண்டுபோய்ப் பழியைக் கட்டின பாரு. நீ எடுத்த தோட்டாவ விட அது பெரிசு."

"மிஸ் மக்ரே…" என்று ரஸ்ஸல் எழுந்தார். "நாங்க எல்லாரும் உங்ககிட்ட மன்னிப்பு…"

"என்கிட்ட வேண்டாம். கூட்டக் குறிப்புல எழுது. என் தம்பி பேரைப் போட்டு, அவன் செஞ்ச வேலை சரியா இருந்ததுன்னு எழுது." அவர் ஊதாப் பேனாவை எடுத்து நோலினிடம் நீட்டினார். "பேனாவுல எழுதட்டும். பென்சில் அழிஞ்சுபோகும். அவன் சார்பா தேங்க்ஸ்."

நோலின் பேனாவை வாங்கினாள். மூடியைத் திறந்து, பென்சிலில் எழுதிய தீர்மானத்தின் குறுக்கே மூலைக்கு மூலை ஒரு கோடு போட்டாள். பிறகு புதுப் பக்கத்தைத் திருப்பினாள்.

"அந்தப் பேனா பத்தி ஒரு விஷயம்…" என்று ஆரம்பித்த மெர்வ், எல்ஸ்பெத்தின் பார்வையைச் சந்தித்ததும், "ரொம்ப நல்லா எழுதும்" என்று முடித்தான்.

கதவருகே எல்ஸ்பெத் நின்றார். திரும்பாமலே பேசினார்.

"கண்ணு தேறிடும்னு டாக்டர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன், பிரென்ட். நல்லது. தேறினதும் ரெண்டு கண்ணாலயும் படிக்கக் கத்துக்கோ. ரஸ்ஸல், அந்தப் பதினாலும் அந்த நாலு பெட்டியும் இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள காவல் நிலையத்துக்குப் போகணும். இவனும் கூடப் போய்ச் சொல்ல வேண்டியதைச் சொல்லணும். எண்ணித்தான் கொடுக்கறேன்."

வெளியே லெஸ் ஏணியின் உச்சியில் இருந்தான். எல்ஸ்பெத் அண்ணாந்து பார்த்தார். லெஸ் கையிலிருந்த சுரண்டியைச் சட்டென்று பின்பாக்கெட்டில் செருகிக்கொண்டு, ஏணி சாய்ந்திருந்த இடத்தைச் சட்டைக் கையால் நன்றாகத் துடைத்துவிட்டு இறங்கி வந்தான்.

"தூசிங்க மிஸ்" என்றான்.

வலது தோள் வலித்தது. எல்ஸ்பெத் பையை அந்தத் தோளிலேயே மாட்டிக்கொண்டு காருக்கு நடந்தார்.

அந்தப் பெயரின் முதல் எழுத்து அன்று சுரண்டப்பட்டு, பிறகு அவசரமாகத் திரும்ப எழுதப்பட்டது என்றும், அதனால்தான் அது மற்ற எழுத்துகளைவிடப் பளிச்சென்று இருக்கிறது என்றும் வாரிபின்னில் சிலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். தவறு. அந்த எழுத்து துடைக்கப்பட்டது. சுரண்டி பலகையைத் தொடவில்லை.